மணல் வெள்ளையாக இருந்தால் மீன் இருக்குமா? தீவுக் கரை பார்ப்பது பற்றிச் சில குறிப்புகள்

2024 அக்டோபர் 19, பாறசாலையிலிருந்து ஒரு கேள்வி

அக்கா, ஜனவரி கடைசியில் ஏழெட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தேழு வயது அப்பா. அப்பா களியக்காவிளைச் சந்தையில் முப்பது வருடம் மீன் விற்றவர், ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எங்களுக்கு நீந்தவும் வேண்டும், ஸ்நார்கெல் என்கிற மூச்சுக்குழாய் போட்டு மீன் பார்க்கவும் வேண்டும், இரண்டும் ஒரே கரையில். லட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு மூன்றில் எது? படங்களைப் பார்த்தால் மணல் வெள்ளையாக, தண்ணீர் நீலமாக இருக்கிற கரை எதுவானாலும் போதும் என்றுதான் தோன்றுகிறது. சரிதானே?

அக்டோபர் 20, காலை

சரியில்லை. அதே நினைப்போடுதான் நானும் 2019 ஜனவரியில் அந்தமான் போனேன். ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கரை, 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. பொய் இல்லை. மாவு போல மணல், சரிவு மெல்ல இறங்கும், பின்னால் உயரமான காடு. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குப்புற மிதந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீருக்கடியில் நான் பார்த்த பெரிய உயிரினம் என் கணவரின் கால்.

மீனுக்கு ஒதுங்க இடம் வேண்டும். வெறும் மணல் தரை என்பது கடலுக்குள் இருக்கிற பொட்டல். பார், அதாவது கடலடிப் பவளப்பாறை, இருக்கிற இடத்தில்தான் மீன். பார் இருந்தாலோ காலடியில் கூர்மை. குழந்தை ஓடி விளையாட முடியாது, கால் ஊன்றவே கூடாது. மறுநாள் அதே தீவில் எலிபன்ட் பீச் போனோம். மீன் ஏராளம். மணல் ஒரு சின்னத் துண்டு, விழுந்து கிடக்கும் மரங்கள், பக்கத்தில் ஜெட் ஸ்கீ இரைச்சல். அங்கே யாரும் நீந்தவில்லை. ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும், கைடு பையன் இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். கோயில் தேரில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ஆக, நீந்த நல்ல கரையும் மீன் பார்க்க நல்ல கரையும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் மணல் தரை முடிகிற இடத்திலேயே பார் தொடங்க வேண்டும், நடுவில் ஐம்பது அறுபது மீட்டர்தான் இருக்க வேண்டும், வெளிக்கடல் அலை உள்ளே வரக் கூடாது. அப்படிப்பட்ட இடம் லகூன். நம் பூவார்க் காயல் மாதிரி கலங்கல் அல்ல, பவளப்பாறை வளையத்துக்குள் அடைபட்ட கடல்.

அந்த வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? கிளிமீன் பவளத்தைக் கொறித்துத் தின்று, அரைபட்ட சுண்ணாம்பைப் பின்னால் விடுகிறது. மாலத்தீவுப் பக்கக் கரைகளில் மணலின் பெரும்பங்கு அதுதான். புதுமணத் தம்பதிகள் அதில் இதயம் வரைகிறார்கள்.

அக்டோபர் 20, இரவு

காலையில் சொல்ல விட்டுப்போனது. லட்சத்தீவு என்றால் கேள்வியே வேண்டாம், மேற்குக் கரை. அங்கே பெரும்பாலான தீவுகள் பவளவளையத்தின் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன, லகூன் மேற்கே. கிழக்கே போனால் பாறையும் அலையும். தீவு அகலம் சில இடங்களில் பத்து நிமிட நடைதான். இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் ஆனி ஆடிக் கடல்.

இதையே எல்லாத் தீவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு.

அக்டோபர் 23

மூன்று நாள் முன் எழுதிய கடைசி வரியை அடித்துவிடுங்கள். தூத்தூர் பக்கத்துப் போட்டில் ஆழ்கடலுக்குப் போகும் என் கொழுந்தனிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டான். "மயினி, முதல்ல காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் கரையைப் பாருங்க. காத்துக்கு முதுகு காட்டுற கரைதான் நல்ல கரை."

அவன் சொல்வது இது. மார்கழி, தையில் காற்று வடகிழக்கிலிருந்து, வாடையும் கொண்டலும். அப்போது தீவின் மேற்குப் பக்கம் மறைவு. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது மேற்குப் பக்கம்தான் அடி வாங்கும், கிழக்கு மறைவு. ஹேவ்லாக்கில் ஜனவரியில் மேற்கே இருக்கும் ராதாநகர் எண்ணெய் தடவியது போல் கிடந்ததும், கிழக்கே இருக்கும் காலாபத்தர் சலசலவென்று இருந்ததும் எனக்கு அப்போது புரியவில்லை. கரையின் குணம் என்று நினைத்தேன். குணம் கரைக்கு இல்லை, மாதத்துக்கு.

லட்சத்தீவில் ஜனவரிக்கு மேற்கு பொருந்துவது இரட்டைக் காரணத்தால். தீவே காற்றை மறைக்கிறது, வெளியே பார் அலையை உடைக்கிறது. மற்ற இடத்தில் இந்த இரண்டாவது பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். லட்சத்தீவிலேயே கடமத்துக்குக் கிழக்கிலும் ஒரு குறுகலான லகூன் உண்டு, அந்திரோத்துக்குச் சொல்லும்படி லகூனே இல்லை. ஆக என் "கேள்வியே வேண்டாம்" என்பதும் கேள்விக்குரியதுதான்.

இலங்கைக்காரர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைக்குச் சித்திரை முதல் புரட்டாசி வரை போவார்கள். தெற்கு, மேற்குக் கரைக்கு மார்கழி, தை, மாசி. ஒரே நாடு, காற்று மாறினால் கூட்டமும் கரை மாறிவிடும்.

அக்டோபர் 27

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எனவே சந்தேகத்தோடு படியுங்கள். தினசரிக் காலண்டரில் அஷ்டமி, நவமி பார்த்துப் போங்கள்.

நம் வீடுகளில் அஷ்டமி, நவமியில் யாரும் பயணம் கிளம்ப மாட்டார்கள். ஸ்நார்கெலுக்கு அதுதான் ராஜ நாள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி சூரியன், சந்திரன் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம்; தண்ணீர் ஓடுவதும் வேகம், கலங்குவதும் அதிகம். பாதி நிலா நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி இழுக்கும், கடல் சோம்பலாக இருக்கும்.

நம் கரையில் இது அவ்வளவாகத் தெரியாது, ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். அந்தமானில் பெரிய நாட்களில் இரண்டு மீட்டர். நீல் தீவில் பரத்பூர் கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது பௌர்ணமிக்கு மறுநாள், வற்றம் நேரம். படத்தில் பார்த்த நீலத் தண்ணீர் எங்கோ தூரத்தில் கோடாகத் தெரிந்தது. நடுவில் செத்த பவளம், பாசி, குட்டை குட்டையாகத் தண்ணீர். கணவர் செருப்பில்லாமல் நடந்து உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டார். நான்கு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றேன். கரை நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்ன சொல்வது? மணி என்ன என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

நேரம் என்றதும் இன்னொன்று. அந்தமானில் டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தே காலுக்கே சூரியன் போய்விடும். மதியச் சாப்பாடு முடித்துத் தூங்கி எழுந்து நான்கு மணிக்குக் கடலுக்குப் போகலாம் என்ற திட்டமெல்லாம் அங்கே செல்லாது. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வெயில் செங்குத்தாக ஏறும்போதுதான் நிறங்கள் தெரியும்.

நவம்பர் 2

பாறசாலைத் தம்பி கேட்டது: "எங்களுக்கு நீச்சல் ஓரளவு தெரியும், கொல்லங்கோடு கடலில் பழகிக்கொண்டு போகலாமா?"

வேண்டவே வேண்டாம்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், முப்பத்து நான்கு வயது வரை நீந்தத் தெரியாது. எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆண்பிள்ளைகள் சிப்பிக்கு முங்குவார்கள், நாங்கள் கரையில் கூடையோடு நிற்போம். கடைசியில் கற்றுக்கொண்டது குழித்துறை ஆற்றில், சுடிதாரோடு, காலை ஐந்தரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு குளத்தில் பணம் கட்டிக் கொஞ்சம் ஒழுங்காக.

நம் கடல் பழகும் கடல் அல்ல. கரை சட்டென்று ஆழமாகும், அலை காலடியில் வந்து உடையும், அடித்த தண்ணீர் ஒரே வாய்க்காலாகத் திரும்பி ஓடும். அலை உடையாமல் நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரியும், அங்கே இறங்கலாம் என்று தோன்றும். அதுதான் தண்ணீர் வெளியே போகும் வழி. இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இதுவும் போதாதென்று கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ புயல் அடிக்கும், இங்கே காற்றே இருக்காது, வானம் சுத்தமாக இருக்கும், திடீரென்று கடல் ஏறி வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். கள்ளன் போல வருவதால் அந்தப் பெயர். நம் பக்கத்து மீனவர் சொல்லை இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் அப்படியே எழுதுகிறார்கள்.

குளம் போதும். மகளுக்குக் கண்ணாடியும் குழாயும் மாட்டி, வாயால் மூச்சு விட, குழாயில் தண்ணீர் புகுந்தால் "ஃபூ" என்று ஊதித் தள்ளப் பழக்குங்கள். அப்பாவுக்கு ஒன்றே ஒன்று: மல்லாந்து மிதக்க. ஸ்நார்கெலுக்கு நீச்சல் வேகம் தேவையில்லை, பதறாமல் இருக்க வேண்டும். முதல் தடவை முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு இழுக்கும்போது உடம்பு மறுக்கும். அதைப் பெருங்கடலில் வைத்துச் சந்திக்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் சந்தித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீசை இருந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். எடுக்கச் சொல்லவில்லை, தகவலுக்கு.

நவம்பர் 10

மாலத்தீவு பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் வெட்கம்.

2023 பிப்ரவரி. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றேகால் மணி நேரம் போல. நித்திரவிளையிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர அதைவிட அதிகம் ஆனது. விசா முன்கூட்டி வேண்டாம், இறங்கினதும் கொடுத்துவிடுகிறார்கள். ரிசார்ட் கட்டுப்படியாகாது, மக்கள் வாழும் ஒரு தீவில் விருந்தினர் விடுதி. கரையிலிருந்து நாற்பது மீட்டரில் பார். மணல், அப்புறம் புல், அப்புறம் பவளம், அப்புறம் சட்டென்று கருநீலம். நான் மேலே சொன்ன "இரண்டும் ஒன்றாக" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பார்த்ததில்லை.

விடுதிப் பையன் சொன்னான், இங்கே இழுப்பே கிடையாது என்று. பாரை வெட்டி ஒரு வழி விட்டிருந்தார்கள், அதன் வழியாக வெளியே போனேன். ஆமை ஒன்று, பாம்பு மாதிரி பெரிய அஞ்சாளை மீன் ஒன்று, எண்ணிக்கை இல்லாத பொடிமீன்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அதே வழிக்கு வந்தேன். காலை உதைக்கிறேன், உதைக்கிறேன், கீழே மூளை வடிவத்தில் ஒரு பவளம். பத்து நிமிடம் கழித்தும் அதே மூளை. லகூனுக்குள் பார் மேலேறி வந்த தண்ணீர் முழுக்க வற்றத்தில் அந்த ஒரே சந்து வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் அதற்கு எதிரே. கையைத் தூக்கி ஆட்டினேன். கரையில் தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவர் சந்தோஷமாகத் திருப்பிக் கை ஆட்டினார்.

நான்தான் எல்லோருக்கும் சொல்வேன், பக்கவாட்டில் நீந்து என்று. எனக்கு அது நினைவுக்கு வர அந்தப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. அந்தச் சந்து வழியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய், பார் மேல் அலையோடு உருண்டு உள்ளே வந்தேன். இரண்டு முழங்காலும் உரிந்தது, எத்தனை வருடப் பவளத்தை மிதித்து உடைத்தேனோ. பவளக் கீறல் ஆற மூன்று வாரம் ஆனது.

அதன்பின் நான் வைத்திருக்கும் வழக்கம்: ஏற்றம் முடிகிற கடைசி ஒன்றரை மணி நேரத்தில் இறங்குவது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரும், தெளிவாக இருக்கும், தவறினாலும் கரையை நோக்கித்தான் தள்ளும். உச்ச ஏற்றத்தில் கரையேறிவிட வேண்டும். வெளியே போகும் திசையை எதிர்நீச்சலாக வைத்துக்கொண்டால் திரும்புவது சும்மா மிதப்பது.

நவம்பர் 11

அஷ்டமி விஷயத்தில் திருத்தம். கொழுந்தன் மறுபடி சிரித்தான். கடல் சந்திரனுக்கு உடனே கீழ்ப்படியாது, ஒன்றிரண்டு நாள் பிந்தும். ஆக சோம்பல் நாள் அஷ்டமி அல்ல, நவமி, தசமி பக்கம். தசமி நல்ல நாளும்கூட. இப்போது என் மாமியாருக்கும் சம்மதம்.

இன்னொரு ஒட்டு: மாலத்தீவில் தீவுகளுக்கு நடுவே ஓடும் நீரொழுக்கு ஏற்றவற்றத்தால் மட்டும் இல்லை, பருவக்காற்றும் சேர்ந்து தள்ளும். காலண்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள், அந்தத் தீவின் மீனவரைக் கேளுங்கள். விடுதிப் பையனை அல்ல.

நவம்பர் 17

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "மன்னார் வளைகுடாவில் நம் தீவு இல்லையா, எதற்கு மாலே வரை?"

இருக்கிறது, 21 தீவுகள், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தபடி போய் இறங்க முடியாது, வனத்துறை நடத்தும் படகில் போய்ப் பார்க்கிற அளவுக்குத்தான் வாய்ப்பு. அது நல்லதுதான் என்பது என் கட்சி. சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. பார் போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. 21 என்ற கணக்கில் அவையும் சேர்த்தி.

நவம்பர் 19

மீன் பெயர் சண்டை. தம்பியின் அப்பா, கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த டீச்சருக்கு மீனே தெரியாது" என்றாராம். முதலில், நான் டீச்சர் இல்லை, ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் எடுக்கிறவள். இரண்டாவது, அவர் சொல்வதும் சரி. கேரளச் சந்தையில் கிளிமீன் என்றால் இளஞ்சிவப்பாக, மெலிந்து, வறுக்க அருமையாக இருக்குமே, அது. ராமேஸ்வரம் பக்கத்தில் கிளிமீன் என்றால் பச்சையும் நீலமுமாக, கிளி மூக்கோடு பவளம் தின்பது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பஸ்ஸில் ஐந்து நிமிடம், அதற்குள் எந்தக் கிளியை எந்த மீனுக்கு வைப்பது என்பது மாறிவிடுகிறது. நான் சொன்னது மூக்குள்ள கிளி.

கிளாத்தியில் சண்டை இல்லை, இரண்டு பக்கமும் கிளாத்திதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஜாதி பவளப்பாரில் மணலில் குழி பறித்து முட்டையிடும், அந்த நேரம் பக்கத்தில் போனால் கடிக்க வரும். குழிக்கு மேலே நேராகக் கூம்பு போல விரிந்த இடம் முழுக்கத் தன் வீடு என்று அதற்கு நினைப்பு. மேலே எழும்பித் தப்பிக்கப் பார்க்காமல் கிடைமட்டமாக விலக வேண்டும். என் துடுப்புக் காலணியில் இன்னும் பல் தடம் இருக்கிறது.

சுறா பற்றிக் கேட்டிருந்தீர்கள். லகூனில் தெரிவது பெரும்பாலும் கைநீளக் குட்டிகள், உங்களைக் கண்டால் அதுதான் முதலில் ஓடும். தலைமுறை தலைமுறையாகச் சுறாவைத் துரத்திப் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், நம்மைக் கண்டு பயப்பட அதற்குத்தான் நிறைய காரணம் இருக்கிறது. அந்தமானில் பயப்பட வேண்டியது முதலைக்கு. 2010 ஏப்ரலில் ராதாநகர் பக்கம் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொண்டுபோனது. அலையாத்திக் காடும் ஓடை வாயும் பக்கத்தில் இருந்தால் இறங்காதீர்கள், பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், அந்தி சாயும் முன் கரையேறுங்கள். அவ்வளவுதான்.

நவம்பர் 30

இன்று ஓகிப் புயல் நாள். ஏழு வருடம். லட்சத்தீவு என்றால் உங்களுக்கு நீலத் தண்ணீர், எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது 2017-ல் போட்டுகள் போய் ஒதுங்கிய இடம். கொழுந்தனின் போட்டும் அப்படித்தான் தப்பியது. அந்தத் தீவுக்காரர்கள் போட்ட சோற்றையும் கொடுத்த லுங்கியையும் பற்றி இன்றும் பேசுவான். லகூன் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "உள்ளே வந்ததும் அலை நின்னுது மயினி" என்றான். மற்றபடி எதுவும் ஞாபகமில்லை.

டிசம்பர் 8

லட்சத்தீவு என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. நல்லது. மொத்தம் 36 தீவு, மக்கள் இருப்பது பத்தில்தான், பெர்மிட் இல்லாமல் இறங்க முடியாது. அது கைக்கு வராமல் லீவை உறுதிசெய்ய வேண்டாம். கொச்சியிலிருந்து கப்பலில் போய்க் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் காட்டி, இரவு கப்பலிலேயே தங்க வைக்கும் பயணம் ஒன்று உண்டு. நாங்கள் 2016-ல் அதில்தான் போனோம். அப்பாவோடு போவதற்கு அது எளிது, ஒன்று தவிர: கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற சிறு படகுக்கு மாற வேண்டும், இரண்டும் ஒரே பக்கம் ஆடாது. கையைப் பிடித்து இறக்குகிற பையன்கள் கெட்டிக்காரர்கள். அப்பாவிடம் வேட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாந்தி மாத்திரை கப்பல் ஏறுவதற்கு முன். ஏறி, நகர்ந்து, தலை சுற்றிய பிறகு போடுவது மாத்திரைக்குத்தான் நஷ்டம்.

மினிக்காயின் துண்டி கரைக்கும் கடமத்துக்கும் 2022-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது சுத்தம், தண்ணீரின் தரம், பாதுகாப்பு வசதி ஆகியவற்றுக்கு. மீனுக்கு அல்ல. ராதாநகருக்கும் அது உண்டு, நான் பார்த்த கால் அங்கேதான்.

பவளம் படத்தில் இருப்பது போல இருக்கும் என்று மகளிடம் சொல்லி வைக்காதீர்கள். 1998, 2010, 2016 என்று கடல் சூடாகி லட்சத்தீவில் மூன்று முறை பெரிய பவள வெளுப்பு, 2024-லும் மறுபடி. நான் 2016 பிப்ரவரியில் கல்பேனியில் பார்த்தது அந்த வருட வெளுப்புக்கு முந்தையது, எனவே என் வர்ணனையை நம்ப வேண்டாம். அங்கே அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற இடத்திலேயே நீல மான்கொம்புப் பவள நுனிகள் தெரிந்தன. இப்போது எப்படியோ, போய்வந்து நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உடுப்பு பற்றி மனைவி கேட்டதற்கு: ஊர் மக்கள் வாழும் தீவுகள், அநேகமாக எல்லோரும் இஸ்லாமியர்கள். முழுக்கை நீச்சல் உடை போதும், மரியாதைக்கும் வெயிலுக்கும். குப்புற மிதப்பவருக்குத் தொடையின் பின்பக்கம்தான் முதலில் வேகும். மூன்று நாள் உட்கார முடியாமல் கப்பலில் நின்றுகொண்டே சாப்பிட்டவள் சொல்கிறேன். முகம் முழுதும் மூடும் புதுவகைக் கண்ணாடி வாங்க வேண்டாம், விட்ட மூச்சே உள்ளே தேங்கி மயக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை உண்டு. பழையபடி கண்ணாடி தனி, குழாய் தனி. கண்ணாடி மங்காமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு. இல்லாவிட்டால் எச்சில், நம் சிப்பிக்காரர்கள் எப்போதும் செய்வது.

2025 பிப்ரவரி 9

தம்பியிடமிருந்து செய்தி வந்தது. கவரத்தி சுமார், காற்று. கல்பேனியில் கரையோரத்தில் பவளம் பெரும்பாலும் சாம்பல் நிறம், கொஞ்சம் தள்ளிப் போனால் உயிருள்ளது, மீன் நிறைய. மகள் இரண்டு ஆமை எண்ணினாள். மனைவி சொல்கிறாள், ஒரே ஆமை இரண்டு தடவை. நீந்த மினிக்காய்தான் மூன்றிலும் அருமை, அடியில் மணல், ஆள் உயரத்துக்கு மேல் போகவே இல்லை என்கிறார். ஆக, ஒரே கரையில் இரண்டும் அவருக்கும் கிடைக்கவில்லை, ஒரே கப்பலில் கிடைத்தது.

அப்பா கல்பேனியில் கழுத்தளவுத் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்த மாதிரி மிதந்திருக்கிறார். கடைசியில் பேத்தி விடாமல் கண்ணாடியை மாட்டிவிட, முகத்தை முக்கியிருக்கிறார். நிமிர்ந்ததும் சொன்னது: "எல்லாம் பொடி. வலை போட்டா அரைக் கூடை தேறாது." அப்புறம் மறுபடி முகத்தை முக்கி, கூப்பிடும் வரை எழும்பவில்லையாம்.

மினிக்காயில் நான் இறங்கவே இல்லை. அன்றைக்குத்தான் அந்த வாந்தி மாத்திரையைத் தாமதமாகப் போட்டேன். மாசி தசமி எந்தக் கிழமை என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.